செப்டம்பர் 15-ல் தொடங்கும் மாதம்: அமெரிக்கக் கல்லூரிகளில் லத்தீனோ மரபுக் கொண்டாட்டம்

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்குச் சேருகிற நம்மூர் மாணவர், வீடு பிடித்து, வங்கிக் கணக்கு தொடங்கி, எந்த வகுப்பு எந்தக் கட்டடத்தில் என்று ஒருவழியாகப் பழகுவதற்குள் செப்டம்பர் பாதி ஓடிவிடும். அந்தச் சமயத்தில்தான் பல வளாகங்கள் நிறம் மாறும். மாணவர் மையத்தில் மெக்சிகோ, கொலம்பியா, புவேர்ட்டோ ரிக்கோ, எல் சால்வடோர் என்று வரிசையாகக் கொடிகள் தொங்கும். மதிய இடைவேளையில் புல்வெளியில் ஒலிபெருக்கி வைத்து சல்சா கற்றுக்கொடுப்பார்கள். உணவுக்கூடத்தில் அன்றைக்கு மட்டும் அரேப்பா என்ற மக்காச்சோள ரொட்டி கிடைக்கும். நூலக வாசலில் ஒரு மேசை நிறையப் புத்தகங்கள், மேலே ஒரு பதாகை. ஹிஸ்பானிக் மரபு மாதம் என்று இருக்கும், அல்லது லத்தீனோ மரபு மாதம் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், கொஞ்சம் வித்தியாசம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இலவசச் சாப்பாடு என்று கேள்விப்பட்டுப் போய்விட்டு வருபவர்கள் நிறைய. அதில் தப்பில்லை, கூட்டம் வரட்டும் என்றுதான் சாப்பாடு போடுகிறார்கள். ஆனால் கொடியும் பாட்டும் சாப்பாடும் கண்ணில் படுகிற மேல்பரப்பு. அந்த மாணவர் மையத்தில் அவர்களுக்கென்று ஓர் அறை இருப்பதற்கும், அந்த நூலகத்தில் அந்தப் புத்தகங்கள் இருப்பதற்கும், ஏன், அந்த மாணவர்கள் அந்தக் கல்லூரியில் இருப்பதற்குமே பின்னால் 1960களின் கடைசியில் தொடங்கிய நீண்ட சண்டை ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற பார்வையே வேறு.

தேதிக் கணக்கு

மாதம் என்றால் 1-ம் தேதியில் தொடங்க வேண்டாமா? இது செப்டம்பர் 15-ல் தொடங்கி அக்டோபர் 15-ல் முடிகிறது. காரணம், 1821 செப்டம்பர் 15-ல் குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்ட்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் ஸ்பெயினிடமிருந்து விடுதலை என்று அறிவித்தன. மறுநாள் 16-ம் தேதி மெக்சிகோவின் சுதந்திர தினம். 1810-ல் டொலோரெஸ் என்ற சிற்றூரில் மிகெல் இடால்கோ என்ற பாதிரியார் தேவாலய மணியை அடித்து மக்களைக் கிளர்ச்சிக்கு அழைத்ததை வைத்து வந்த நாள் அது. 18-ம் தேதி சிலியின் தேசிய நாள். இத்தனை விடுதலை நாட்கள் ஒரே வாரத்தில் நெருக்கியடித்து வருவதால் அங்கிருந்தே எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மே 5-ம் தேதிதான் மெக்சிகோவின் சுதந்திர தினம் என்று அமெரிக்கர்களிலேயே பலர் நம்புகிறார்கள். 'சிங்கோ தெ மாயோ' என்று மதுக்கடைகள் செய்கிற விளம்பரம் அப்படி. உண்மையில் அது 1862-ல் புவெப்லா நகரத்துக்கு வெளியே மெக்சிகோ படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். மெக்சிகோவில் புவெப்லாவைத் தாண்டினால் அதைப் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. கல்லூரி வளாகத்தில் யாராவது மே 5-ஐச் சுதந்திர தினம் என்று சொல்லும்போது மெக்சிகோ மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கவனித்தால் புரியும்.

சட்டப்படி இது முதலில் ஒரு வாரமாகத்தான் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் எட்வர்ட் ராய்பால் முன்னெடுத்த தீர்மானத்தின்படி 1968-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் 'ஹிஸ்பானிக் மரபு வாரம்' என்று அறிவித்தார். இருபது ஆண்டு கழித்து, 1988-ல், ரீகன் காலத்தில் அது ஒரு மாதமாக நீண்டது. லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ போன்ற கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்களில் வகுப்பே செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். அங்கே படிப்பவர்களுக்கு மாதத்தில் பாதி கண்ணில் படாமலேயே போய்விடும். அதனால் அங்கெல்லாம் நிகழ்ச்சிகள் அக்டோபரில் குவிந்து, நவம்பர் முதல் வாரம் வரை இழுத்துக்கொண்டு போகும்.

யாருடைய மாதம் இது

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் தங்களை ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ என்று பதிவு செய்தவர்கள் 6.21 கோடி பேர். நாட்டு மக்களில் 18.7 சதவீதம். இதில் பெரும்பான்மை மெக்சிகோ வழிவந்தவர்கள். மற்றபடி இந்த ஒரு பெயருக்குள் இருக்கிற மக்கள் ஒருவருக்கொருவர் அவ்வளவு ஒட்டுறவு உள்ளவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவர்கள் அமெரிக்காவுக்குள் வந்த கதையே தனித்தனி. சிலர் வரவே இல்லை, அமெரிக்காதான் அவர்களிடம் வந்தது. 1848-ல் போரில் தோற்ற மெக்சிகோ, குவாதலூப்பே இடால்கோ ஒப்பந்தத்தில் இன்றைய கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ என்று பெரிய நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தது. அங்கே குடியிருந்த குடும்பங்கள் வீட்டைவிட்டு நகராமலேயே வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். 'நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது' என்று சிக்கானோ, அதாவது மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் இன்றைக்கும் சொல்வது இதைத்தான்.

புவேர்ட்டோ ரிக்கோ 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறிய தீவு. 1917-லிருந்து அந்த மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆகவே நியூயார்க்கில் படிக்கிற புவேர்ட்டோ ரிக்கோ மாணவரிடம் போய் 'உங்களுக்கு எந்த விசா?' என்று கேட்டுவைக்காதீர்கள். கியூபாக்காரர்களில் பெரும்பகுதி 1959 புரட்சிக்குப் பிறகு மயாமிக்கு வந்தவர்கள். எல் சால்வடோர், குவாத்தமாலா மக்கள் 1980களின் உள்நாட்டுப் போரில் உயிர் தப்பி வந்தவர்கள். வெனிசுவேலாக்காரர்கள் அண்மை ஆண்டுகளில் பொருளாதாரம் நொறுங்கியதால் கிளம்பியவர்கள். கியூபாக் குடும்பத்து மாணவரும் சால்வடோர் குடும்பத்து மாணவரும் அரசியல் பேச உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் எதிரெதிர்த் திசையில் இருப்பார்கள். ஒரே மேடையில் நடனம் ஆடுவதில் மட்டும் சிக்கல் இல்லை.

நிறத்தை வைத்தும் அடையாளம் காண முடியாது. டொமினிகன் குடியரசிலிருந்து வந்த கறுப்பினப் பெண், இத்தாலிய முகஜாடையுள்ள அர்ஜென்டினாக்காரர், ஜப்பானிய வம்சாவளிப் பெரு நாட்டுக்காரர் எல்லோரும் லத்தீனோதான். மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்திலிருந்து வரும் சப்போத்தெக், மிஷ்தெக் குடும்பங்களின் தாய்மொழி ஸ்பானியமே அல்ல. வீட்டில் ஒன்று, ஊரில் ஸ்பானியம், கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்று மொழியோடு வருகிற பிள்ளைகள் அவர்கள்.

இப்போது அந்தப் பெயர் விவகாரம். ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிய மொழி, மரபோடு தொடர்புள்ளவர். லத்தீனோ என்றால் லத்தீன் அமெரிக்க வேர் உள்ளவர். ஆகவே ஸ்பெயின்காரர் முதல் வகை, போர்த்துகீசியம் பேசும் பிரேசில்காரர் இரண்டாம் வகை. நாடு முழுவதும் எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியது 1980 கணக்கெடுப்பில்தான். அதற்கு வழிசெய்த 1976-ம் ஆண்டுச் சட்டத்தின் பின்னால் இருந்தவரும் அதே ராய்பால். சிக்கானோ என்பது ஒருகாலத்தில் மெக்சிகோ வம்சாவளியினரை இழிவாகக் கூப்பிட்ட சொல். 1960களில் இளைஞர்கள் அதையே எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். ஆண்பால் விகுதியைத் தவிர்க்க வந்த லத்தீனெக்ஸ், லத்தீனே என்ற வடிவங்களைக் கல்லூரி வளாகங்களில் நிறையப் பார்க்கலாம். வளாகத்துக்கு வெளியே கதை வேறு. பியூ ஆய்வு மையம் 2019-ல் எடுத்த கணக்கெடுப்பில் லத்தீனோ பெரியவர்களில் 3 சதவீதம் பேர்தான் லத்தீனெக்ஸ் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த நல்ல வழி, எதிரில் இருப்பவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே நாமும் சொல்வது. பெரும்பாலும் 'நான் கொலம்பியன்', 'நான் டொமினிகன்' என்று நாட்டின் பெயரைத்தான் சொல்வார்கள்.

வளாகத்துக்குள் வந்த வழி

கலிபோர்னியாவில் 1940களில் மெக்சிகோக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருந்தது. ஆரஞ்சு மாவட்டத்தில் மெண்டஸ் குடும்பமும் வேறு சில குடும்பங்களும் வழக்குப் போட்டு, 1947-ல் மேல்முறையீட்டிலும் வென்று அதை உடைத்தார்கள். பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்துவைப்பது செல்லாது என்ற புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்பு வருவதற்கு ஏழு ஆண்டு முன்பு நடந்தது இது.

தீர்ப்பு வந்தும் வகுப்பறை பெரிதாக மாறவில்லை. 1960களில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் உயர்நிலைப் பள்ளிகளில் ஸ்பானியம் பேசினால் தண்டனை. பையன்களைத் தச்சுப்பட்டறை வகுப்புக்கும் பெண்களைத் தட்டச்சு, வீட்டு வேலை வகுப்புக்கும் தள்ளிவிடுவார்கள். கல்லூரிக்குப் போகலாம் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. படிப்பைப் பாதியில் விடுபவர்கள் ஏராளம். 1968 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு எழுந்து தெருவுக்கு வந்தார்கள். லிங்கன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ அவர்களோடு நின்றார். மெக்சிகோ அமெரிக்கர் வரலாற்றைப் பாடத்தில் வையுங்கள், இருமொழியில் கற்றுக்கொடுங்கள், கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் வகுப்புகளில் எங்களையும் சேருங்கள் என்பவை அவர்களுடைய கோரிக்கைகளில் சில. காஸ்ட்ரோ உள்பட 13 பேர் மீது சதி வழக்குப் போட்டது அரசுத் தரப்பு. பின்னர் அந்த வழக்கு தள்ளுபடியானது. ஜான்சன் மரபு வாரத்தை அறிவித்ததும் அதே 1968-ல்தான் என்பதைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அந்தத் தலைமுறை கல்லூரிக்குள் நுழைந்தது. கலிபோர்னியா மாநிலக் கல்லூரியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 1968-லேயே மெக்சிகோ அமெரிக்கர் கல்விக்கு ஒரு துறை உருவானது, நாட்டிலேயே முதலாவது. சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் கறுப்பின மாணவர்களும் லத்தீனோ, ஆசிய மாணவர்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஐந்து மாதம் நீடித்தது. காவல்துறை வளாகத்துக்குள் புகுந்து அடித்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். 1969 மார்ச்சில் முடிந்தபோது, சிறுபான்மை இனங்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் கற்பிக்கத் தனிப் புலம் ஒன்றை நிர்வாகம் ஒப்புக்கொண்டிருந்தது. அது இன்றும் இயங்குகிறது.

1969 ஏப்ரலில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடி நீண்ட திட்ட ஆவணம் ஒன்றை எழுதினார்கள். யாரைச் சேர்க்க வேண்டும், என்ன கற்பிக்க வேண்டும், கல்லூரி பக்கத்துத் தெரு மக்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்றெல்லாம் அதில் உண்டு. 'எல் பிளான் தெ சாண்டா பார்பரா' என்று பெயர். அதுவரை சிதறிக் கிடந்த மாணவர் அமைப்புகள் 'மெச்சா' என்ற ஒரே பெயரின் கீழ் வந்ததும் அங்கிருந்துதான்.

அதே ஏப்ரலில், நாட்டின் மறுகோடியில், நியூயார்க் சிட்டி கல்லூரியில் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் வளாகத்தின் தெற்குப் பகுதி வாயிலைப் பூட்டிவிட்டார்கள். கல்லூரி இருந்தது ஹார்லெமில், சுற்றிலும் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள், உள்ளே படித்தவர்களோ பெரும்பாலும் வெள்ளையர். அந்தப் போராட்டத்தின் விளைவாக 1970-லிருந்து நகரத்தின் உயர்நிலைப் பள்ளி முடித்த எவருக்கும் நகரப் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடம் என்ற கொள்கை வந்தது. பிராங்க்ஸின் தெற்கில் 1968-ல் தொடங்கிய ஹோஸ்டோஸ் சமுதாயக் கல்லூரிக்கு, புவேர்ட்டோ ரிக்கோவின் கல்வியாளர் எவுஹேனியோ மரீயா தெ ஹோஸ்டோஸின் பெயரை வைத்தார்கள். 1970களின் நிதி நெருக்கடியில் அதை மூடப் பார்த்தபோது மாணவர்களும் ஆசிரியர்களும் அக்கம்பக்கத்தவரும் கட்டடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காப்பாற்றினார்கள்.

துறை கிடைத்தது, இடம் கிடைத்தது. அப்புறம் கேட்டது அறை. ஸ்டான்ஃபோர்டில் 1972-ல் 'காசா சப்பாத்தா' என்ற விடுதி வந்தது. அதன் சுவரெல்லாம் சிக்கானோ ஓவியங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1974-ல் 'லா காசா குல்தூரால் லத்தீனா' வந்தது. இந்த 'காசா' என்ற வீடுகள்தான் இன்றைக்கு வளாகக் கொண்டாட்டங்களின் சமையலறை, ஒத்திகை மேடை, அழுவதற்கு ஓர் இடம் எல்லாமே. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிக்கானோ கல்விக்குத் தனித் துறை வேண்டும் என்று 1993-ல்கூட மாணவர்களும் ஒரு பேராசிரியரும் 14 நாள் உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. அப்போதும் கிடைத்தது ஒரு மையம். முழுத் துறை என்ற தகுதி வர 2005 ஆனது.

மாணவர் சகோதரச் சங்கங்கள் ஒரு பக்கக் கதை. 1975-ல் நியூ ஜெர்சியின் கீன் கல்லூரியில் லத்தீனோ ஆண்களுக்கான லாம்டா தீட்டா ஃபை, பெண்களுக்கான லாம்டா தீட்டா ஆல்ஃபா இரண்டும் தொடங்கின. விழா நாட்களில் ஒரே நிறச் சட்டையில் வரிசையாக வந்து, காலால் தாளம் போட்டபடி சுற்றிவந்து கூவுகிறார்களே, அவர்கள் இந்த மாதிரிச் சங்கத்துக்காரர்கள்.

எண்ணிக்கையும் கூடியது. 2000-ல் சுமார் 15 லட்சமாக இருந்த லத்தீனோ கல்லூரி மாணவர் எண்ணிக்கை 2019-ல் 38 லட்சம். 1986-ல் சான் அன்டோனியோவில் 18 கல்லூரிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, 'ஹிஸ்பானிக் மாணவர்களுக்குப் பணியாற்றும் கல்வி நிறுவனம்' என்ற தனி வகையைச் சட்டத்தில் கொண்டுவரப் பாடுபட்டது. 1992-ல் வந்தது. முழுநேரக் கணக்கில் இளநிலை மாணவர்களில் 25 சதவீதம் ஹிஸ்பானிக் என்றால் அந்தக் கல்லூரி அந்த வகைக்குள் வரும், கூட்டரசின் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். இப்போது சுமார் 600 கல்லூரிகள் இந்த வரம்பைத் தொட்டிருக்கின்றன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கறுப்பினத்தவருக்கான பழம்பெரும் கல்லூரிகள் அவர்களுக்கென்றே தொடங்கப்பட்டவை. இந்த 600-ல் பெரும்பாலானவை அப்படி இல்லை. சுற்றுவட்டார மக்கள்தொகை மாறியது, கல்லூரியும் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் ஒரு கல்லூரி அந்தத் தகுதியைப் பெற்றுவிடலாம். அதனால் ஒரு வளாகத்தில் மரபு மாதம் எவ்வளவு விமரிசையாக நடக்கிறது என்பதைவிட, அங்கே சேருகிற லத்தீனோ மாணவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்குகிறார்கள், எத்தனை லத்தீனோ பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்று பார்ப்பது மேல்.

போனால் என்ன பார்க்கலாம்

எல்லோரும் வரலாம். அழைப்பிதழ் வேண்டாம், ஸ்பானியம் தெரிய வேண்டாம். பணம் பெரும்பாலும் மாணவர் கட்டணத்திலிருந்து வருகிறது. பருவத்துக்கு ஒருமுறை கல்விக் கட்டணத்தோடு சேர்த்து வாங்குகிறார்களே, அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை மாணவர் அவை சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். வெளிநாட்டு மாணவர்களும் அதைக் கட்டுகிறார்கள். ஆக உங்கள் காசும் அதில் இருக்கிறது, தயங்காமல் போங்கள்.

லோத்தெரியா என்ற விளையாட்டு கட்டாயம் இருக்கும். நம் தம்போலா மாதிரிதான், எண்ணுக்குப் பதில் படம். சேவல், நிலா, ரோஜா, தேள் என்று 54 சீட்டுகள். சீட்டை எடுப்பவர் பெயரை நேராகச் சொல்லாமல் விடுகதையாகவோ கேலியாகவோ பாடுவார். கட்டத்தில் வைக்க அவரை விதை கொடுப்பார்கள். மொழி தெரியாதவர்களும் பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

நடன வகுப்புகளில் எல்லாவற்றையும் சல்சா என்று நினைத்துவிடக் கூடாது. சல்சா கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ இசையிலிருந்து 1960, 70களின் நியூயார்க்கில் வடிவம் பெற்றது. கும்பியா கொலம்பியாவுடையது. பச்சாத்தா டொமினிகன் நாட்டுப்புறத்தில் பிறந்தது. மதுக்கடைப் பாட்டு என்று அந்த நாட்டு மேட்டுக்குடியே ஒருகாலத்தில் முகம் சுளித்தது, 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. மெக்சிகோவின் மரியாச்சி இசைக்கும் கல்லூரி வளாகத்தோடு பழைய உறவு உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக இசைத்துறை மாணவர்கள் 1961-லேயே ஒரு குழு அமைத்து வாசித்திருக்கிறார்கள். டெக்சாஸின் தென்கோடியில் சில பல்கலைக்கழகங்களில் மரியாச்சி பாடமாகவே இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இறைச்சி கண்ணில் படாததாலேயே சைவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மசித்து வதக்கிய பீன்ஸிலும், இலையில் சுற்றி அவிக்கும் தமாலேயின் சோள மாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. கேட்டுவிடுவது நல்லது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பாலாடைக்கட்டி வைத்த புப்பூசா என்ற சால்வடோர் சோள அடையும் வெனிசுவேலா, கொலம்பியாவின் அரேப்பாவும் பெரும்பாலும் கைகொடுக்கும். புப்பூசாவோடு வரும் புளித்த முட்டைக்கோஸ் ஊறுகாயை விட்டுவிடாதீர்கள்.

அக்டோபர் 15 தாண்டியும் நடக்கிற ஒன்றுதான் எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது. நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் 'தியா தெ லோஸ் முயெர்த்தோஸ்', இறந்தோர் நாள். கணக்குப்படி மரபு மாதத்துக்குள் வராது. ஆனால் அக்டோபர் கடைசி வாரத்திலேயே மாணவர் மையத்தில் படிப்படியாக ஒரு படையல் மேடை எழும்பத் தொடங்கும். 'ஒஃப்ரெண்டா' என்பார்கள். இறந்தவர்களின் படங்கள், அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு, ஒரு குவளைத் தண்ணீர், உப்பு, மெழுகுவர்த்தி, துளையிட்டு வெட்டிய வண்ணத் தாள், சர்க்கரையில் செய்த மண்டையோடு, அப்புறம் கொத்துக் கொத்தாக ஆரஞ்சுப் பூ. அந்தப் பூவைப் பார்த்ததும் நம்மவர்கள் நின்றுவிடுவார்கள். செண்டுமல்லிதான். அதன் தாயகமே மெக்சிகோ. ஐரோப்பியக் கப்பல்கள் கடல்தாண்டிக் கொண்டுவந்த பிறகுதான் அது நம் மாலைகளில் ஏறியது. மிளகாயும் தக்காளியும் நம் சமையலுக்கு வந்ததும் அதே திசையிலிருந்துதான்.

மெக்சிகோவிலும் இது எல்லா ஊரிலும் ஒரேபோல இருந்ததில்லை. நடு, தென் மாநிலங்களில்தான் வேரோடிய வழக்கம். அமெரிக்காவில் இதைப் பொதுவிடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் சிக்கானோ ஓவியர்கள். 1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் 'கலேரியா தெ லா ராசா'வும், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் 'செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்' கூடமும் தொடங்கிவைத்தன. அதனால்தான் வளாக மேடைகளில் பாட்டி தாத்தா படங்களுக்குப் பக்கத்தில் எல்லையைக் கடக்கும்போது பாலைவனத்தில் இறந்தவர்களுக்கும், வயல்வேலையில் வெயில் தாக்கிச் செத்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. இதை ஹாலோவீனின் மெக்சிகோ வடிவம் என்று சொன்னால் மேடை கட்டியவர்களுக்கு வருத்தமாக இருக்கும். சில வளாகங்களில் யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டில் இறந்தவரின் படத்தை வைக்கலாம் என்று எழுதியே வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் நீங்களும் வைக்கலாம்.

எங்கே சறுக்குகிறது

பெரிய தொப்பியும் ஒட்டு மீசையும் வைத்துக்கொண்டு மாணவர் விருந்து நடத்தி, படம் வெளியாகி, மன்னிப்புக் கேட்பது ஏறக்குறைய ஆண்டுதோறும் ஏதாவது ஒரு வளாகத்தில் நடக்கிறது. அது தெரிந்த சறுக்கல். தெரியாத சறுக்கல் இன்னும் சாதாரணமானது. மெக்சிகோவை மட்டும் காட்டிவிட்டு லத்தீன் அமெரிக்கா முழுவதையும் காட்டிவிட்டதாக நினைப்பது. விழாவை நடத்தும் வேலையெல்லாம் அதே நாலைந்து மாணவர்கள் தலையில் விழுவது. தேர்வு நேரத்தில் கொடி கட்டிக்கொண்டிருப்பார்கள், படம் எடுக்க மட்டும் நிர்வாகம் வரும். வளாகத்தின் சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் அதே நாடுகளிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிற இடங்கள் எத்தனையோ. அவர்களை விழாவுக்குக் கூப்பிடுகிற கல்லூரியை நான் மதிப்பேன்.

அக்டோபர் 12 இந்த மாதத்துக்குள்தான் வருகிறது, கொலம்பஸ் வந்திறங்கிய நாள். ஸ்பானிய மரபைக் கொண்டாடுவதா, அந்த மரபு அழித்த பூர்வகுடிகளை நினைப்பதா? ஒரே சங்கத்துக்குள்ளேயே வாக்குவாதம் வரும். இரண்டு இரத்தமும் உள்ளவர்களே அங்கே அதிகம் என்பதால் எளிதில் தீராது.

அண்மை ஆண்டுகளில் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் 2023-ல் இயற்றி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், அரசுப் பல்கலைக்கழகங்களில் சிறுபான்மை மாணவர்களுக்குத் துணைநிற்கும் பன்முகத்தன்மை அலுவலகங்களைத் தடை செய்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லத்தீனோ உள்பட பல மாணவர் குழுக்களுக்கு இடமும் பணமும் கொடுத்துவந்த பல்பண்பாட்டு மையம் மூடப்பட்டது. வகுப்பறைப் பாடங்களுக்கும் மாணவர்கள் தாங்களே நடத்தும் சங்கங்களுக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆகவே விழா நின்றுபோகவில்லை. நிர்வாகத்தின் கை விலகி, முழுப் பாரமும் மாணவர்கள் மேல் விழுந்தது. வேறு சில மாநிலங்களும் இதே பாதையில் போயிருக்கின்றன. 2025 செப்டம்பரில், மரபு மாதம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, கூட்டரசின் கல்வித் துறை ஹிஸ்பானிக் மாணவர்களுக்குப் பணியாற்றும் கல்லூரிகள் உள்ளிட்டவற்றுக்கான மானியங்களில் பெரும்பகுதியை நிறுத்துவதாக அறிவித்தது. மாணவர்களின் இனத்தை வைத்துத் தகுதி நிர்ணயிப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்பது அதன் வாதம்.

இந்த மாற்றம் எங்கே உறைக்கிறது என்றால், செப்டம்பரைவிட மே மாதத்தில். பல வளாகங்களில் பொதுப் பட்டமளிப்புக்கு முந்தைய நாட்களில் லத்தீனோ மாணவர்களுக்கென்று சிறிய பட்டமளிப்பு விழா ஒன்று நடக்கும். மேடையில் இரண்டு மொழியிலும் பேசுவார்கள், மாணவரின் பெயரைத் தப்பில்லாமல் உச்சரிப்பார்கள். மாணவர்கள் வண்ணக்கோடுகள் ஓடும் சராப்பே துணியில் செய்த அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா அம்மாவோடு மேடையேறுவார்கள். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள் அவர்களில் நிறைய. ஆங்கிலம் புரியாத பெற்றோர் முழுதாக உட்கார்ந்து பார்க்கிற ஒரே நிகழ்ச்சியும் பல வீடுகளுக்கு அதுவாகத்தான் இருக்கும். ஆஸ்டினில் 2024-ல் அந்த விழாவைப் பல்கலைக்கழகத்தின் பணம் இல்லாமல், மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் தாங்களே நிதி திரட்டி நடத்தினார்கள்.